ரோசெட் நெபுலா எடுத்தேன், நிறமே வரவில்லை. படங்களில் பார்க்கும் வண்ணங்கள் உண்மைதானா?

பதிவு 1 · முதல்ஒளி

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக இங்கே படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இதுதான் முதல் பதிவு.

போன அமாவாசை இரவில் ரோசெட் நெபுலாவை எடுத்தேன், ரோஜாப்பூ வடிவில் இருக்கும் அந்த வாயு மேகத்தைத்தான். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா, உள்ளே எந்த மாற்றமும் செய்யாதது. 200 மி.மீ. லென்ஸ், எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 1600, கீழே, வானத்தின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் ஒரு சின்ன டிராக்கிங் மவுண்ட். 30 விநாடி வீதம் 120 படங்கள் எடுத்தேன். விண்மீன்கள் இழுபட்டவற்றைக் கழித்ததில் 85 மிஞ்சின. அவற்றை சிரில் மென்பொருளில் ஸ்டாக் செய்து (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி), ஸ்ட்ரெட்ச் செய்தேன் (மங்கலானது தெரியும்படி பிரகாசத்தை ஏற்றினேன்). நடுவில் இருக்கும் விண்மீன் கூட்டம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி ரோஜாப்பூ இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு வளையம்தான் இருக்கிறது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் கொஞ்சம் சிவப்பு தெரிவது போல இருக்கிறது, அவ்வளவுதான்.

இதே நெபுலாவை ஒருவர் ரத்தச் சிவப்பாகவும், இன்னொருவர் வெளிர் ரோஜா நிறத்திலும், வேறொருவர் பொன்னும் நீலமுமாகவும் போட்டிருக்கிறார்கள். எது நிஜம்? நான் அதன் பக்கத்திலேயே போய் நின்றால் என்ன நிறம் தெரியும்? வண்ணத்தை நாமேதான் பூசுகிறோமா என்று இரண்டு நாளாக மனசு உறுத்துகிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதிவு 2 · ஒளித்துளி

வாங்க முதல்ஒளி. மாற்றம் செய்யாத கேமராவில், முதல் முயற்சியிலேயே ரோசெட்டின் வளையம் தெரிந்திருக்கிறது என்றால் போகஸும் டிராக்கிங்கும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். அது சின்ன விஷயமில்லை.

நிறம் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு மூன்று விவரம் வேண்டும். ஃப்ளாட் ஃப்ரேம் (தூசி நிழலையும் மூலை இருட்டையும் கழிக்க, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுத்தீர்களா? ஸ்ட்ரெட்ச் செய்தது எந்த முறையில்? ஸ்ட்ரெட்ச் செய்யாத ஸ்டாக் கோப்பை ஏற்ற முடியுமா? ஜே.பி.ஜி. வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பதிவு 3 · நெடுங்கண்

பக்கத்தில் போய் நின்றால் என்ன தெரியும் என்று கேட்டீர்கள். சாம்பல்தான் தெரியும்.

பாதி தூரம் நெருங்கினால் கண்ணுக்கு வரும் ஒளி நான்கு மடங்காகும், உண்மைதான். ஆனால் நெபுலா வானத்தில் அடைக்கும் பரப்பும் நான்கு மடங்காகிவிடும். ஆக, ஒவ்வொரு துண்டு வானத்தின் வெளிச்சமும் அப்படியே இருக்கும். பெரிதாகத் தெரியும், பிரகாசமாகத் தெரியாது. பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் நெபுலாவுக்கு நிறம் வந்துவிடாததற்கு இதுவே காரணம்.

இருட்டில் நம் கண்ணில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. 507 நானோமீட்டர் வாக்கில்தான் அவற்றின் உணர்திறன் உச்சத்தில் இருக்கும், ஆழ்ந்த சிவப்பு கிட்டத்தட்ட எட்டவே எட்டாது. ஒளிரும் ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்பான ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி 656.3 நானோமீட்டர். ரோசெட்டின் பெரும்பகுதி அந்த ஒளிதான். அது இரவும் பகலும் நம் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவு மங்கலான சிவப்பை வாங்கிக்கொள்ளும் செல் நம்மிடம் இல்லை. ஓரியன் நெபுலாவின் மையம் மட்டும் பெரிய தொலைநோக்கியில் சிலருக்கு இளம்பச்சையாகத் தெரியும். அங்கே ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளி பலமாக இருக்கிறது, நம் கண்ணுக்கு வாகான அலைநீளமும் அதுதான்.

இதில் என் மனசுக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. 1864 ஆகஸ்ட் 29 அன்று வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலைக்கருவி வழியாகப் பார்த்தார். விண்மீன்களைப் போலத் தொடர்ச்சியான வானவில் பட்டை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் தனித்தனியான ஒளிக் கோடுகள் நின்றன, எல்லாவற்றையும் மிஞ்சி ஒரு பச்சைக் கோடு. அப்படியானால் அது விண்மீன்களின் திரள் இல்லை, ஒளிரும் வாயு. அந்தப் பச்சைக் கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பித்து வைத்திருந்தார்கள். 1927இல்தான் ஐரா போவன் விடை கண்டார். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அது. நெபுலா வாயு அவ்வளவு நீர்த்துப் போயிருப்பதால் ஓர் அயனி இன்னொன்றோடு மோதாமல் நெடுநேரம் தனித்திருக்க முடிகிறது. அந்தத் தனிமையில்தான் அந்த ஒளி பிறக்கிறது. பூமியின் சாதாரண ஆய்வுக்கூடத்து வெற்றிடம்கூட அந்த அளவுக்கு நீர்த்ததில்லை.

நிறம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அளந்து, பெயர் வைத்து, காரணமும் கண்டுபிடித்த நிறம் அது.

பதிவு 4 · இயல்நிறம்

நெடுங்கண் ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் முதல்ஒளி கேட்டதில் இன்னொரு பாதி இருக்கிறது. ஒரே நெபுலாவுக்கு எப்படி மூன்று நிறம்?

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். இயல்பான நிறம் என்று ஒன்று இருக்கிறது, அதை நெருங்கத்தான் நாம் முயல வேண்டும். ஹைட்ரஜன் ஒளிரும்போது 656 நானோமீட்டர் சிவப்பு மட்டும் வருவதில்லை. 486 நானோமீட்டரில் பீட்டா கோடும் கூடவே வரும், நீலப் பச்சையாக. ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும். இரண்டும் கலந்தால் கிடைப்பது ரோஜா நிறம். இடையில் தூசு இருந்தால் பீட்டா அதிகம் தடைபட்டு நிறம் சிவப்பை நோக்கி நகரும். வெறும் ரத்தச் சிவப்பாக வரும் படங்களில் பெரும்பாலும் பீட்டா தொலைந்திருக்கும், அல்லது செறிவை அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள்.

பொன்னும் நீலமுமான படங்களில் எனக்கு ஈடுபாடில்லை. தங்க நிறத்தில் அங்கே எதுவும் இல்லை.

பதிவு 5 · மூன்றலை

இயல்நிறம் எழுதியது: “தங்க நிறத்தில் அங்கே எதுவும் இல்லை.”

அங்கே இருக்கும் ஒன்றைக் காட்டத்தான் தங்க நிறம் வருகிறது, நண்பரே. கந்தக அயனியின் ஒளி 671.6, 673.1 நானோமீட்டர். ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3. இடைவெளி பதினாறு நானோமீட்டர்தான். இரண்டையும் அதனதன் நிறத்தில் காட்டினால் இரண்டும் ஒரே சிவப்பு. கண்ணும் பிரிக்காது, திரையும் பிரிக்காது. ஆனால் வானத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. ஹைட்ரஜனை அயனியாக்க, அதாவது அதன் எலக்ட்ரானைக் கழற்ற, 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கந்தகத்தின் முதல் எலக்ட்ரானைக் கழற்ற 10.4 போதும். ஆக்சிஜனின் இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க 35 தேவை. அதனால் சூடான விண்மீன்களுக்கு அருகே ஆக்சிஜன், அதைச் சுற்றி ஹைட்ரஜன், விளிம்புகளில் கந்தகம் என்று நெபுலா அடுக்கடுக்காக இருக்கிறது. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வைத்தால் அந்த அடுக்குகள் தெரிகின்றன. பச்சையைக் கொஞ்சம் தணித்தால் பொன் நிறம் வருகிறது.

1995இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாத் தூண்களை இந்த முறையில்தான் வெளியிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பள்ளியில் படிக்கும்போது நான் இதற்குள் வந்தேன். தூணின் விளிம்பு ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியவன், இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதிவு 6 · இயல்நிறம்

விளக்கம் ஏற்கத்தக்கது. என் மனத்தாங்கல் வேறு. படத்தின் கீழே எது எந்த நிறத்துக்கு வைக்கப்பட்டது என்று ஒரு வரிகூட எழுதாமல் போடுகிறார்கள். முதல்ஒளி போன்ற புதியவர்கள் அதைப் பார்த்துத் தன் கேமரா கெட்டுவிட்டதோ என்று தவிக்கிறார்கள்.

பதிவு 7 · மூன்றலை

அதில் நான் முழுக்க உங்கள் பக்கம். என் ஒவ்வொரு படத்தின் கீழும் ஃபில்டர்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம், எந்த நிறம் என்று எழுதுகிறேன். பழைய பதிவுகள் சிலவற்றில் விட்டுப்போயிருக்கிறது, இன்றே சேர்த்துவிடுகிறேன்.

பதிவு 8 · கார்த்திகை

நெபுலா என்றால் சிவப்பு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியிருப்பது நீலம். அங்கே வாயு தானாக ஒளிரவில்லை, தூசு அந்த விண்மீன்களின் ஒளியைச் சிதறடிக்கிறது. 1912இல் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்த நெபுலாவின் நிறமாலையை எடுத்தபோது அது பக்கத்து விண்மீனின் நிறமாலையைப் போலவே இருந்தது. இரவல் ஒளி. அதில் குறுகிய அலைகள்தான் கூடுதலாகச் சிதறும். மாற்றம் செய்யாத கேமராவுக்கு இது மிக ஏற்ற இலக்கு, ஏனென்றால் நீலத்தை உங்கள் கேமரா தடுப்பதில்லை. அதே சமயம், ஓரிரு அலைநீளங்களை மட்டும் விடும் குறும்பட்டை (நாரோபேண்ட்) ஃபில்டரை இதற்குப் போட்டால் எல்லாம் போய்விடும்.

மூன்று வகையையும் ஒரே சட்டகத்தில் பார்க்க ஆசையா, ட்ரிஃபிட் நெபுலாவை எடுங்கள். சிவப்பு வாயு, அதைக் கிழிக்கும் கருந்தூசு, ஒட்டினாற்போல நீலச் சிதறல்.

பதிவு 9 · முதல்ஒளி

இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி. “அந்த ஒளி விழுந்துகொண்டே இருக்கிறது, வாங்கிக்கொள்ளும் செல் இல்லை” என்று படித்தபின் நேற்று இரவு வெளியே போய் சும்மா அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருவாதிரைக்குக் கிழக்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலத்தில், வெறும் இருட்டாகத் தெரியும் இடம். நிலாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமான ஒன்று அங்கே இருக்கிறது என்று நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது.

ஸ்டாக் கோப்பை ஏற்றியிருக்கிறேன். ஃப்ளாட் எடுக்கவில்லை. டார்க் (லென்ஸை மூடி எடுக்கும் படம்) 20 எடுத்தேன். ஸ்ட்ரெட்ச் ஆட்டோவில் செய்ததுதான்.

பதிவு 10 · ஒளித்துளி

கோப்பைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல செய்தி: உங்கள் சிவப்பு அங்கேயே இருக்கிறது. நீங்கள்தான் அறியாமல் அதைத் துடைத்துவிட்டீர்கள்.

நீங்கள் வைத்திருந்தது சேனல்களை இணைக்காத ஆட்டோஸ்ட்ரெட்ச். அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். திரையில் சரிபார்க்க அது உதவும், படமாகச் சேமிக்க உதவாது. நான் செய்தது இது. முதலில் பின்னணிச் சாய்வை நீக்கினேன். உங்கள் படத்தில் கீழ் இடது மூலை மஞ்சளாக ஏறியிருந்தது, அந்தப் பக்கம் ஏதோ விளக்கு இருந்திருக்க வேண்டும். அப்புறம் விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் கருவியை ஓட்டினேன். இதில் விண்மீன்களின் அளந்த நிறம்தான் அளவுகோல், நம் ரசனை நுழைவதில்லை. அதன்பின் ஆஸின்ஹ் ஸ்ட்ரெட்ச். சாதாரண ஸ்ட்ரெட்ச் பிரகாசத்தை ஏற்றும்போது மூன்று சேனல்களுக்கும் இடையிலான விகிதத்தைச் சிதைத்து எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும். ஆஸின்ஹ் அந்த விகிதத்தைக் காப்பாற்றுகிறது. ஸ்லைடரை மெல்ல நகர்த்தினேன். முதலில் விண்மீன்கள் மஞ்சளும் நீலமுமாகப் பிரிந்தன, பிறகு வளையத்தின் மேல்பக்கத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கசிவு, இன்னும் கொஞ்சம் நகர்த்தியதும் அது சுற்றிக்கொண்டு வந்து மூடியது. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது குறைகள். வலது பக்கம் நடுவில் ஒரு சாம்பல் நிற வளையம் தெரிகிறதல்லவா? நெபுலா இல்லை, சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஒரு தூசியின் நிழல். மூலைகளும் இருண்டிருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து ஃப்ளாட் ஃப்ரேம்தான். படம் எடுத்து முடித்ததும் லென்ஸையும் போகஸையும் தொடாமல், முன்னால் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, மேலே ஒரே சீரான வெளிச்சத்தைக் காட்டி 30 எடுங்கள். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) நடுவில் நிற்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் மங்கலான நெபுலாவை ஸ்ட்ரெட்ச் செய்தால் தூசியையும் சேர்த்தே இழுக்கிறீர்கள்.

பதிவு 11 · கார்த்திகை

ஒளித்துளி சொல்லாமல் விட்டது: 85 படங்கள், 30 விநாடி வீதம், மொத்தம் 42 நிமிடம். ரோசெட்டுக்கு இது போதவே போதாது.

உங்கள் கேமராவின் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. பகல் படங்களில் தோல் நிறம் சரியாக வருவதற்காக அது ஆழ்சிவப்பை வெட்டுகிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் ஏறக்குறைய கால்பங்குதான் உள்ளே வரும். அந்தக் கால்பங்கும் எல்லாப் பிக்சலிலும் பதிவாகாது. நான்கு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். அத்தனை சல்லடைகளைத் தாண்டி வந்த ஒளியை 42 நிமிடம் மட்டும் சேர்த்தால் இரைச்சலோடு கலந்து பழுப்பாகத்தான் தெரியும்.

படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் இரைச்சலுக்கு மேலே சிக்னல் இரண்டு மடங்கு எழும். எட்டு மடங்கானால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தாறு மணி நேரம் சேருங்கள். ஒரே இரவில் சேர வேண்டியதில்லை. ஐந்து இரவுகளின் படங்களையும் ஒன்றாக அடுக்கலாம், வானம் எங்கும் போகாது. ஒவ்வோர் இரவுக்கும் தனி ஃப்ளாட் மட்டும் எடுத்துவிடுங்கள்.

பதிவு 12 · வடமீன்

120இல் 35 வீணானது போலார் அலைன்மென்டால், அதாவது மவுண்டின் அச்சு வான துருவத்தைச் சரியாக நோக்காததால், இருக்கலாம். துருவ நட்சத்திரத்தை நடுவில் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவாக விலகியிருக்கிறது. போலார் ஸ்கோப்பில் அதற்கான வட்டத்தில், அந்த நேரத்துக்குரிய இடத்தில் வைக்க வேண்டும். கேமராவை மாட்டி இலக்குக்குத் திருப்பியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். எடை ஏறியதும் முக்காலி லேசாக அமுங்கும்.

போகஸுக்கு, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பஹ்டினோவ் முகமூடி இருக்கிறதா? பிரகாசமான விண்மீனில் மூன்று கோடுகளின் நடுக்கோடு சரிபாதியில் நிற்கும்வரை திருகி, பிறகு லென்ஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரவு குளிர்ந்ததும் போகஸ் நகரும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். லென்ஸில் பனி இறங்குகிறதா என்பதையும் அப்போதே டார்ச்சைச் சாய்த்துப் பார்த்துவிடலாம். ஒருமுறை நான் பார்க்காமல் விட்டு, இரண்டரை மணி நேரப் படங்களில் எல்லா விண்மீனைச் சுற்றியும் ஒளிவட்டம் விழுந்துவிட்டது.

பதிவு 13 · முதல்ஒளி

கேமராவின் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? இரட்டை அலை ஃபில்டர் வாங்கலாமா?

பதிவு 14 · மூன்றலை

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கழற்றினால் ஹைட்ரஜன் வெள்ளமாக வரும், உண்மை. ஆனால் பகல் படங்களின் நிறம் மாறிவிடும், சில லென்ஸ்களில் போகஸ் இடமும் நகரும். ஃபில்டர், தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்குப் பெரிய வரம். ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் ஆக்சிஜனையும் மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். உங்கள் கேமராவிலோ வரும் சிவப்பே கால்பங்கு. முதலில் நேரத்தைச் சேருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பேசுவோம்.

ஒரு யோசனை. இடையில் ஓர் இரவை ஓரியன் நெபுலாவுக்குக் கொடுங்கள். அதன் மையம் அவ்வளவு பிரகாசம், உங்கள் கேமராவிலும் ரோஜாவும் நீலமுமாக வரும். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் முதன்முதலாக ஒரு நெபுலாவைப் படம் பிடித்ததும் அதைத்தான், 51 நிமிட எக்ஸ்போஷரில். மையத்திலுள்ள நான்கு விண்மீன்கள் வெளுத்துப் போகாமல் இருக்க 5 விநாடி, 30 விநாடி, 2 நிமிடம் என்று மூன்று தொகுதியாக எடுத்து இணைக்க வேண்டும்.

பதிவு 15 · நெடுங்கண்

நேரம் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலத்தைவிட அதிக முறை படமெடுக்கப்பட்டவை வானத்தில் அதிகம் இல்லை. அதன் பக்கத்தில் ஒன்றரை பாகை நீளத்துக்கு ஆக்சிஜன் ஒளியில் ஒரு வில் இருப்பதை 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். கண்டுபிடித்ததில் முன்னின்றவர்கள் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செயின்டி என்ற அமெச்சூர்கள். பல இரவுகளாக ஒரே இடத்தை ஆக்சிஜன் ஃபில்டரில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெரிய ஆய்வகங்களின் பார்வைக்குத் தப்பிய ஒன்று, நம் கையில் இருப்பது போன்ற சிறு தொலைநோக்கிக்குக் கிடைத்தது.

பதிவு 16 · முதல்ஒளி

ஆறு வாரம் கழித்து வருகிறேன். இடையில் மேகம், முழுநிலா, வேலை. ஐந்து இரவுகள் கிடைத்தன.

மொத்தம் 350 நிமிடம், ஒரு நிமிடம் வீதம் 350 படங்கள். வடமீன் அண்ணா சொன்னபடி எடை ஏறியபின் மறுபடி அலைன் செய்ததில், கழித்தது 11 மட்டும். அதற்கு ஈடாகக் கடைசி இரவில் கூடுதலாக 11 எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் இரவும் 30 ஃப்ளாட். தூசி வளையம் போயே போய்விட்டது.

நேற்று இரவு ஸ்லைடரை நகர்த்தும்போது ஒளித்துளி விவரித்த அந்தக் கசிவை நானே பார்த்தேன். கை நின்றுவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது நம் வீட்டு மேலேயா இருக்கு?” என்று கேட்டார்.

நிறம், வெளிர் சிவப்பில் ரோஜா கலந்த மாதிரி வந்திருக்கிறது. மையத்தில், விண்மீன் கூட்டத்தைச் சுற்றி, லேசாக நீலப் பச்சை. ஆக்சிஜன் என்று எடுத்துக்கொள்ளலாமா? வளையத்தின் ஒரு பக்கத்தில் சிவப்பின் மேல் சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் தூசி என்று பயந்து ஃப்ளாட்டைத் திறந்து பார்த்தேன். அதில் இல்லை.

பதிவு 17 · இயல்நிறம்

எடுத்துக்கொள்ளலாம், ஆக்சிஜன்தான். நடுவிலுள்ள என்.ஜி.சி. 2244 கூட்டத்தின் சூடான விண்மீன்கள் செய்யும் வேலை அது. நிறம் மிக நன்றாக இருக்கிறது, செறிவை இதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கறுப்புத் துணுக்குகள் வானத்தில்தான் இருக்கின்றன. போக் உருண்டைகள் என்று பெயர். 1947இல் பார்ட் போக் இவற்றைக் கவனித்து, இவற்றுக்குள் விண்மீன்கள் உருவாகக்கூடும் என்றார். அடர்ந்த குளிர்ந்த தூசு, பின்னாலுள்ள ஒளியை மறைக்கிறது. மாற்றம் செய்யாத கேமராவில் 200 மி.மீ. லென்ஸில் இவை இவ்வளவு துல்லியமாக வந்து நான் பார்த்ததில்லை.

பதிவு 18 · மூன்றலை

முதல்ஒளி, ஸ்ட்ரெட்ச் செய்யாத கோப்பைத் தருவீர்களா? ஆக்சிஜன் பகுதியைப் பிரித்து, அடுக்குகள் தெரிகிற மாதிரி ஒரு வடிவம் செய்து பார்க்க ஆசை. எந்த நிறம் எதற்கு என்று கீழே எழுதி, உங்கள் படத்துக்குப் பக்கத்தில் போடுகிறேன். இயல்நிறமும் அவர் வழியில் ஒன்று செய்தால் மூன்றையும் வைத்துப் பார்க்கலாம்.

பதிவு 19 · முதல்ஒளி

32 பிட் ஃபிட்ஸ் கோப்பு ஏற்றிவிட்டேன். ஃப்ளாட்டும் டார்க்கும் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. இன்றிரவு வானம் தெளிவு, கார்த்திகையை எடுக்கக் கிளம்புகிறேன். காலையில் வந்து பார்க்கிறேன்.